துண்டுக்குள் மூன்று விரல்

திருவண்ணாமலை
12-4-1978

மதிப்பிற்குரிய சம்பந்தி பரசுராமன் அவர்களுக்கு அருணகிரியின் வணக்கம்.

இங்கு நானும் ரேணுகாம்பாளும் மகள் சந்திரகலாவும் சுகம். அங்கு தாங்களும் வீட்டம்மா ராஜம்மாளும் மாப்பிள்ளையும் சின்னப் பெண் சரசுவும் சுகமாக இருக்க வேண்டும்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, கல்யாணத்தன்று மாலை வரவேற்புக்கு வேலூர் ஆதிமூலத்தை ஏற்பாடு செய்யச் சொன்னீர்கள். மடியில் மரப்பொம்மையை வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் அதைப் பேச வைப்பவராமே. வரவேற்பு எங்கள் பொறுப்பு என்பதால் நான்கு நாள் யோசித்தேன். எனக்கு யோசிக்க வரும், முடிவு செய்யத்தான் வராது என்று ரேணுகாம்பாள் சொல்வாள். அது உண்மைதான்.

காலையில் நாதஸ்வரம் இருக்கிறது. மாலையில் ஒலிபெருக்கியில் பாட்டுத் தட்டு போடலாம். அதற்கு மேல் ஒரு ஆள் வேண்டுமா? அதுவும் முன்பின் தெரியாதவர். மேடையில் அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை என் பயம் அனாவசியமோ என்னவோ. தங்கள் கருத்தை எழுதவும்.

இப்படிக்கு,
அருணகிரி

*

கீழ்பென்னாத்தூர்
17-4-1978

சம்பந்தி ஐயாவுக்குப் பரசுராமன் எழுதிக்கொண்டது. எல்லோரும் நலம்.

நீங்கள் ரிஜிஸ்தர் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். நான் வேர்க்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டிக்காரன். உங்களுக்குச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் கூட்டம் எனக்குத் தெரியும்.

போன தையில் ஆரணியில் ஒரு வரவேற்பு. ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. முதல் பந்தி எழுந்திருக்க ஒரு மணி நேரம். முந்நூறு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்குமா? பதினைந்து வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு வரப்புச் சண்டை, அவர்கள் ரசத்துக்கு வருவதற்குள் எழுந்து நின்றுவிட்டது.

மறு மாசம் அதே சத்திரத்தில் இன்னொரு வரவேற்பு. அதற்கு ஆதிமூலம் வந்தார். மூன்றாம் பந்தி வரைக்கும் சனம் சிரித்துக்கொண்டே கிடந்தது. ஒருத்தர் மனசும் நோகவில்லை. எப்படி என்று விசாரித்தேன். முதல் நாளே ரெண்டு வீட்டுக்கும் போய், எதைப் பற்றிப் பேசக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். "சிரிப்பு வர்ற இடம் எனக்குத் தெரியும்ங்க. வலிக்கிற இடம் உங்களுக்குத்தானே தெரியும்"னு சொன்னார். சிரிக்க வைக்கிறது அவர் தொழிலில் பாதிதான். சொந்தக்காரன் கைக்கு மைக் போகாமல் பார்த்துக்கொள்கிறது மீதிப் பாதி.

வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிடுங்கள். வைகாசியில் அவர் தேதி கிடைக்காது.

பரசுராமன்

*

திருவண்ணாமலை
26-4-1978

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். தாங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு மாற்று யோசனை.

ரேணுகாம்பாளின் தம்பி காசியைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். பஸ் கம்பெனியில் டிக்கெட் புக்கிங்கில் இருக்கிறான். கம்பெனி ஆண்டு விழாவில் கண்டக்டர் மாதிரியும் செக்கர் மாதிரியும் பேசிக் கைதட்டல் வாங்கியவன். "ஊட்ல ஒரு ஆர்ட்டிஸ்ட்டை வச்சுக்கினு வேலூருக்கு எதுக்கு மாமா போறீங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ரேணுகாம்பாளும் அவன் பக்கம். நம் பிள்ளை என்றால் பேசப்போவதை முன்னதாகவே எழுதி வாங்கி, வரிக்கு வரி பார்த்துவிடலாம். முப்பத்திரண்டு வருஷம் பத்திரங்களை எழுத்து பிசகாமல் சரிபார்த்தவன் நான். அந்த ஒரு வேலையில் மட்டும் என்னை நம்பலாம்.

இப்படிக்கு,
அருணகிரி

*

கீழ்பென்னாத்தூர்
29-4-1978

சம்பந்தி ஐயாவுக்கு. உங்கள் வரவேற்பு, உங்கள் இஷ்டம். நான் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

பரசுராமன்

*

திருவண்ணாமலை
6-6-1978

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து இந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கிறவன் எதற்காகக் கேட்கிறான் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

காசி கண்டக்டராகப் பேசினான், செக்கராகப் பேசினான். கால் மணியில் அவனுடைய சரக்குத் தீர்ந்துபோயிற்று. முதல் பந்தியில் அப்போதுதான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்து "இன்னும், இன்னும்" என்று கூச்சல். உடனே தோளிலிருந்த துண்டை எடுத்து, மாட்டுச் சந்தையில் விரலைத் தொட்டு ரகசியமாக விலை பேசுகிற மாதிரி தன் இடது கை மேல் போட்டுக்கொண்டான். தங்கள் குரலில், "எங்களுக்கு ஒண்ணும் வாணாம்ங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறீங்க" என்றான். சொல்லிக்கொண்டே துண்டுக்குள் விரலைப் பிடித்து, "இன்னும் மூணு சவரன்!" என்று கத்தினான். பிறகு விலைபோன மாடு மாதிரி ஒரு குரல் கொடுத்தான். தங்கள் ஊர்க்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். தாங்கள் எழுந்து, கை நனைக்காமல் போய்விட்டீர்கள். வாசல் வரை ஓடிவந்தேன். "பீடாவாவது..." என்றேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நம் இருவருக்குள் நடந்த இதெல்லாம் காசிக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால், "சும்மா தமாசு மாமா" என்கிறான். பொறுத்தருள வேண்டும்.

இப்படிக்கு,
அருணகிரி

*

திருவண்ணாமலை
4-7-1978

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

நான்கு வாரமாகப் பதில் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று தபால் ஆபீஸில் கேட்டேன். சேர்ந்திருக்கும் என்கிறார்கள்.

ஆடி பிறக்கப்போகிறது. புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவருவது நம் இரண்டு வீட்டிலும் உள்ள வழக்கம். என்றைக்கு வரலாம் என்று தங்கள் ஊரிலிருந்து இங்கு சந்தைக்கு வரும் கன்னியம்மாளிடம் கேட்டனுப்பினேன். தங்கள் வீட்டம்மா, "பொண்ணை அனுப்பறதுக்கு என்னா? போத்தி வைக்க அவங்க ஊட்ல துண்டு நிறைய இருக்குதா?"னு கேட்டார்களாம். கன்னியம்மாள் அதை ராஜம்மாளின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் அடுத்தவர் குரல் வராது என்று எனக்கு அலுத்துப்போயிற்று.

ரேணுகாம்பாள் அதிரசத்துக்கு அரிசி வாங்கி வைத்திருக்கிறாள். இடிக்கலாமா என்று தினமும் என்னைக் கேட்கிறாள். நான் என்ன சொல்வது? ஒரு வரி எழுதவும்.

அருணகிரி

*

கீழ்பென்னாத்தூர்
20-7-1978

சம்பந்தி ஐயாவுக்குப் பரசுராமன்.

ஆடி பிறந்து மூன்று நாள் ஆயிற்று. எழுத வேண்டாம் என்றிருந்தேன். உங்கள் மகள் சமையல்கட்டில் சத்தம் வராமல் அழுகிறது. அதற்காக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் பேச்சு நடந்த அன்றைக்குப் பத்து சவரன் என்று பேசினோம். உங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்பு பார்த்து நாலு வருஷம் இருக்கும். அது என் கண்ணில் பட்டது. "பத்து வேண்டாம், ஏழு போடுங்க" என்று எங்கள் வீட்டுப் பெண்கள் எதிரில் என்னால் வாய் திறக்க முடியாது. அதனால் மண்டியில் விலை பேசுகிற மாதிரி உங்கள் கை மேல் துண்டைப் போட்டு, மூன்று விரல் நுனியைப் பிடித்தேன். நுனியைப் பிடித்தால் கம்மி. அடியைப் பிடித்தால் ஜாஸ்தி. எங்கள் ஊரில் மாடு மேய்க்கிறவனுக்கும் இது தெரியும். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

கல்யாணத்தில் பார்த்தால் பதிமூன்று! சரி, நம் தயவு இவருக்கு வேண்டாமாம், ரோஷக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் உங்கள் மைத்துனர் முந்நூறு பேர் எதிரில் என்னைப் பேராசைக்காரன் ஆக்கினார். நான் கேட்டது கம்மி என்று எழுந்து சொல்லலாமா? பக்கத்தில் ராஜம்மாள். அவளுக்குத் தெரியாமல் குறைத்தது வெளியே வந்துவிடும். அதனால்தான் எழுந்து போனேன். இப்போது மண்டிக்குள் நுழைந்தால் மூட்டை தூக்குகிறவன்கூடத் துண்டை உதறுகிறான்.

ஒன்று கேட்கிறேன். துண்டுக்குள் இருந்தது நம் ரெண்டு பேர் கை. மூன்றாம் ஆளுக்கு எப்படித் தெரிந்தது? ஆதிமூலம் மடியில் பொம்மைதான் வாயைத் திறக்கும். பேசுகிறவர் ஆதிமூலம். அன்றைக்குக் காசி வாயைத் திறந்தார். பேசினது யார்?

பரசுராமன்

*

திருவண்ணாமலை
24-7-1978

சம்பந்தி அவர்களுக்கு.

பேசியவன் நான்தான்.

எனக்கு விரல் கணக்குத் தெரியாது. மண்டியில் கால் வைத்தவன் இல்லை. மூன்று விரலைப் பிடித்ததும் இன்னும் மூன்று கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். நுனியா அடியா என்று பார்க்கத் தோன்றவில்லை. வாயைத் திறந்து, "புரியவில்லை, என்ன சொல்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கப் பயம். தலையை ஆட்டிவிட்டேன். ரேணுகாம்பாள் கழுத்துச் செயினை அழித்துத்தான் அந்த மூன்று சவரன் சேர்ந்தது.

அன்றைக்கு நடந்ததை நாட்குறிப்பில் எழுதினேன், தங்கள் வார்த்தை ஒன்றுகூட விடாமல். காசி அதைப் படித்திருக்கிறான். வரவேற்புக்கு எழுதிக் கொடுத்ததில் கடைசித் தாளாக அதைச் சேர்த்து, மேலே "நேரம் மிச்சமிருந்தால்" என்று போட்டிருந்தான். நான் அதைப் படித்தேன். பென்சிலால் அடித்தேன். மறுநாள் அந்தக் கோட்டை ரப்பரால் அழித்தேன். ஏன் அழித்தேன்? நான் சொல்ல முடியாததை வேறு யாராவது சொல்லட்டும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. எல்லோரும் சிரித்தபோது, தாங்கள் எழுந்திருக்கும் வரைக்கும், நானும் சிரித்தேன்.

மன்னிப்புக் கேட்ட கடிதத்தில் விளங்கவில்லை என்று எழுதியது பொய்.

ஆதிமூலம் வந்திருந்தால் எதைப் பேசக் கூடாது என்று என்னைக் கேட்டிருப்பார். நானும் அவரிடம் துண்டைச் சொல்லியிருப்பேன். அந்நியரிடம் சொல்லிவிடலாம். சொந்தக்காரன் கேட்கவும் மாட்டான், நாமாகச் சொல்லவும் மாட்டோம்.

சந்திரகலா மேல் ஒரு தப்பும் இல்லை. அவளை அனுப்புவதும் அனுப்பாததும் தங்கள் விருப்பம்.

அருணகிரி

*

கீழ்பென்னாத்தூர்
28-7-1978

சம்பந்தி ஐயாவுக்குப் பரசுராமன்.

உங்கள் கடிதத்தை ராஜம்மாளிடம் படித்துக் காட்டிவிட்டேன். முடித்ததும், "எனக்குத் தெரியாம எதுக்குக் கம்மி பண்ணீங்க? நான் என்னா பிசாசா? என்னைக் கேட்டிருந்தா அஞ்சு கம்மி பண்ணியிருப்பேன்"னு என்மேல் பாய்ந்தாள். இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தி, இவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் பெண்ணைக் கூப்பிட்டு, அதன் கழுத்துச் செயினைக் காட்டி, "இது உங்கம்மா செயினை அழிச்சுப் பண்ணதா?"னு கேட்டாள். "இப்ப அம்மா கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும்தான் அத்தே"னு அது சொன்னது. செயின் பெண்ணோடு வருகிறது. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிடாதீர்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு வந்து அழைத்துப்போங்கள். ஒரு நிபந்தனை. வீட்டுக்கு வருவதற்கு முன்னால் மண்டிக்கு வாருங்கள். காலை ஏலத்துக்கு எல்லாரும் இருப்பார்கள். எது நுனி, எது அடி, யார் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். காசி வேண்டாம்.

ஆவணியில் சரசுவுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. ஆதிமூலத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டேன். சம்பந்தப்பட்ட எல்லா வீட்டிலும் பட்டியல் கேட்கிறார். உங்களுடையதையும் அனுப்புங்கள்.

பரசுராமன்

*

திருவண்ணாமலை
6-8-1978

அன்புள்ள சம்பந்தி பரசுராமன் அவர்களுக்கு அருணகிரி வணக்கம்.

சந்திரகலா உள்ளே அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். மூன்று நாளாகப் பேச்சு முடியவில்லை. அதிரசம் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. அரிசியை நாள் கடத்தி இடிக்கவைத்தது நான்தான் என்று தீர்ப்பாகியிருக்கிறது.

வியாழக்கிழமை காலை மண்டியில் மூட்டை மேல் ஏறி நின்றபோது எனக்குக் குரலே வரவில்லை. "சத்தமா பேசு பெருசு, மல்லாட்டைக்கு விலை சொல்றியா?" என்று யாரோ கத்தினார்கள். நல்லவேளை கத்தினார்கள். அந்த எரிச்சலில்தான் எனக்கு வாய் திறந்தது. என்ன பேசினேன் என்று முழுவதும் நினைவில்லை. நாட்குறிப்பிலும் எழுதவில்லை. தாங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

ஆதிமூலத்துக்கு எங்கள் வீட்டுப் பட்டியலை நேற்றே தபாலில் போட்டேன். இரண்டு வரிதான். காசியின் கைக்கு மைக் போகக் கூடாது. என்னைப் பற்றி அந்தப் பொம்மை என்ன வேண்டுமானாலும் பேசலாம், நுனி எது, அடி எது என்று தங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு.

தங்கள் அன்புள்ள,
அருணகிரி