வெள்ளத்துக்கு உன் பெயர்

தாழந்திட்டு,
சிதம்பரம் வட்டம்.
புரட்டாசி, இரண்டாம் வெள்ளி

அன்பு மகள் வினோதினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, இரண்டு ஆடு, ஏழு வருஷமாக நான் வயிற்றில் வைத்து வளர்க்கும் கோபம், எல்லோரும் சுகம். அங்கே நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மாரியம்மனிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் போனில் நீ எதையும் முழுதாகச் சொல்வதில்லை. பெரியப்பா என்று நான் வாயெடுத்தாலே 'வுடும்மா, டூட்டிக்கு நேரமாச்சு' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம், இதைப் பாதியில் கட் பண்ண உன்னால் முடியாது. ஜெயராணி அக்கா மகன் ஸ்ரீதர் லீவு முடிந்து மாலேவுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் நார்த்தங்காய் ஊறுகாயும் கொஞ்சம் முறுக்கும் கொடுத்திருக்கிறேன், ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டுக் கெடுத்துவிடாதே. கொள்ளிடத்து நடுவில் இருக்கிற திட்டை விட்டு ஓடிப் போய், சமுத்திரத்து நடுவில் இருக்கிற தீவில் நர்ஸ் வேலை பார்க்கிறாயே, கால் நனையாத ஊரே உனக்குக் கிடைக்கவில்லையா என்று உன் அப்பா கேட்கச் சொன்னார்.

ஆவணியில் கீழணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், மைக் கட்டிய ஆட்டோ அக்கரையில் நின்று கத்தியதும் நாங்கள் எல்லோரும் படகேறிப் பள்ளிக்கூட முகாமுக்குப் போய்விட்டோம். இந்தத் தடவை யாருக்கும் ஒன்றும் இல்லை. முல்லைக் கொடி பாதி போயிற்று, கத்தரி முழுக்கப் போயிற்று, வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. உன் அப்பாவுக்குச் சேறு வாரி முட்டி வீங்கிவிட்டது, நீ அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறேன், தேய்க்கும்போது மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி முனகுகிறார். இதெல்லாம் சில்லறைச் செய்தி. நான் சொல்ல வந்த விஷயம் ஆனி மாதத்தில் ஆரம்பிக்கிறது, முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேகா என்று ஒரு டீச்சர், சிதம்பரத்தில் ஒரு காலேஜில் சரித்திரம் நடத்துகிறவள், ஒரு படகு நிறையப் பெண்பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். திட்டைச் சுற்றிப் பார்த்து ஊர்க்கதையைப் பதிவு செய்ய வேண்டுமாம். யாரைக் கேட்டாலும் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் என்று உன் பெரியப்பா வீட்டைத்தான் கைகாட்டினார்கள், அவரோ கட்சிக் கூட்டம் என்று கடலூருக்குப் போயிருந்தார். அந்தப் பிள்ளைகள் படித்துறையில் அவர் வைத்திருக்கும் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். 'பெருவெள்ளத்தில் மக்களைக் காத்த மாவீரர் சபாபதி' என்று கூப்பிய கையோடு சிரிக்கிறாரே, அதே போர்டுதான். பூக்கூடையை அப்படியே வைத்துவிட்டு, 'வாங்கம்மா, நான் காட்டுறேன், இந்தத் திட்டு பொம்பளைங்க காப்பாத்துன திட்டு' என்று கூட்டிக்கொண்டு நடந்தேன். எங்கள் ஊரில் வெள்ளத்தை வருஷத்தால் சொல்வதில்லை, அந்த வெள்ளத்தில் நின்று காட்டிய பெண்ணின் பெயரால்தான் சொல்வோம், வடிந்து திரும்பியதும் யாரும் தன் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் கோயில் வாசலில் பொதுவாக வெள்ளப் பொங்கல் வைப்போம், முதல் அகப்பை யாருக்கோ அவள் பெயர்தான் அந்த வெள்ளத்துக்கு என்று சொன்னேன். ஆம்பளைக்கு அந்த அகப்பை கிடையாதா என்று ஒரு பிள்ளை கேட்டாள். இதுவரை கிடைத்ததில்லை என்றேன்.

தெற்குப் படித்துறையில் தைலம்மாள் வெள்ளத்தைச் சொன்னேன். சர்க்கார் படகு அரிசி மூட்டையோடு வந்து மேலத் தெருவில் மட்டும் இறக்கிவிட்டுத் திரும்பப் பார்த்ததும், காலனியிலிருந்து தைலம்மாள் கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்து, மீதி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, 'எங்க தெருவுக்கும் இறக்கு, இல்ல என்னையும் சேத்து தாசில்தார் ஆபீசுல இறக்கு' என்று சொன்னாளாம், அன்று பொழுது சாய்வதற்குள் காலனியில் உலை கொதித்தது. பால்வாடி வாசலில் நம் ஜெயராணி அக்காவையே நிற்க வைத்து அவள் வெள்ளத்தைச் சொன்னேன். பால்வாடிக் கதவைக் கீலோடு அறுத்து அதன் மேல் குழந்தைகளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே கரை சேர்த்தாள், வெள்ளம் வடிந்ததும் அரசாங்கக் கதவு எங்கே என்று அவளுக்கு நோட்டீஸ் வந்தது, விசாரிக்க வந்த ஆபீசரைச் சேற்றில் இடுப்பளவு இறக்கி 'இங்கதான் சார் எங்கியோ இருக்கும், தேடிப் பாருங்க' என்று விட்டாளே, அதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும். கிழக்கே ராமாமிர்தம் கொல்லைக்குக் கூட்டிப் போனேன். புருஷன் இளைய தாரத்தை மட்டும் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான், ராமாமிர்தம் அரசமரத்தில் ஏறித் தப்பினாள், தண்ணீர் வடிந்ததும் ஆறு புதுசாக ஒதுக்கிப் போட்டிருந்த வண்டல் மண்ணில் ஊர் திரும்புவதற்குள் தனியாளாக முல்லைப் பதியன் வைத்துவிட்டாள், புருஷன் வந்து பங்கு கேட்டபோது 'ஆறு எனக்குக் குடுத்தது, ஆத்துக்கிட்டப் போய்க் கேளு' என்றாள். சாகும்வரை அந்தக் கொல்லையில் அவன் கால் வைக்கவில்லை. அப்படிப்பட்ட பொம்பளை மேல் எனக்கு எப்போதும் ஒரு பிரியம் உண்டு.

கடைசியாக உன் பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றேன். ஆமாம், வேண்டுமென்றேதான். உன் கதையை நான் எப்படிச் சொன்னேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் அப்படியே எழுதுகிறேன். பதினெட்டாம் வருஷத்து வெள்ளத்தில் ஊருக்கு இருந்தது ஒரே ஒரு மோட்டார் படகு, அதில் தலைவர் சபாபதி தன் குடும்பத்தையும் பிரிட்ஜையும் டி.வி.யையும் கறவை மாட்டையும் ஏற்றிக்கொண்டு, திரும்பி வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை, நாங்கள் பெண்களும் குழந்தைகளுமாகப் பள்ளிக்கூட மொட்டை மாடியில் கிடந்தோம், தண்ணீர் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தது, என் மகள் வினோதினி இரண்டு நீல டிரம்மைக் கயிற்றால் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள், ஆறு அவளை முகத்துவாரம் வரை இழுத்துப் போயிற்று, மீனவக் குப்பத்து ஆட்கள் தூக்கிக் கரை சேர்த்தார்கள், இருட்டிவிட்டதால் அந்த வீட்டுப் பெண்களோடு படுத்திருந்துவிட்டு விடிந்ததும் இரண்டு பைபர் படகோடு வந்து எங்கள் அத்தனை பேரையும் இறக்கினாள் என்று சொன்னேன். அதற்கு ஊர்த் தலைவர் கொடுத்த பரிசையும் சொன்னேன். முகாமில் உட்கார்ந்துகொண்டு, 'ராத்திரி எங்க தங்குனா, யார் யாரோட வந்தா, யாருக்குத் தெரியும்' என்று அவர் இழுத்த இழுப்பு குறிஞ்சிப்பாடி வரைக்கும் போனது, அவளுக்கு நிச்சயம் பண்ணியிருந்த, செம்மங்குப்பம் கம்பெனியில் வேலை பார்த்த மாப்பிள்ளையின் வீட்டார் நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள், தான் விட்டுவிட்டு ஓடியதை ஊர் பேசக் கூடாது என்று தம்பி பெற்ற பிள்ளை பெயரில் சேற்றை வாரிப் போட்ட மனிதர் வீடு இதுதான் என்றேன். வெள்ளப் பொங்கலையும் அந்த வருஷம் வைக்க விடவில்லை, அதிகாரிகள் வருகிறார்கள் நேரமில்லை என்று பிரியாணிப் பொட்டலம் கொடுத்து முடித்துவிட்டார், அதனால் அந்த வெள்ளத்துக்கு இன்னும் பெயரில்லை என்றும் சொன்னேன். உன் பெரியம்மா ஜன்னலை அடித்துச் சாத்தினாள். சாத்தட்டும், ஜன்னலுக்குக் கேட்கத்தானே சொன்னேன்.

அன்று ராத்திரி உன் அப்பா சாப்பிடவில்லை. 'அண்ணனாச்சே, தேர்தல் வேற வருது, மானம் போவுதுன்னு ஃபோன்ல அழுவுறாரு' என்றார். என் மகளுக்கு மானம் போனபோது அவர் யாரிடம் அழுதார் என்று கேட்டேன், சோற்றைத் தட்டில் போட்டேன், சாப்பிட்டார்.

இப்போது ஆவணிக்கு வருகிறேன். தண்ணீர் வடிந்து திரும்பியதும் நானும் ஜெயராணி அக்காவும் பேசி வைத்துக்கொண்டு ரேகா டீச்சரைப் பொங்கலுக்கு அழைத்தோம். காலேஜ் பிள்ளைகள் கேமராவோடு வருகிறார்கள், வெள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம் என்று மட்டும் உன் அப்பா மூலமாகப் பெரியப்பா காதில் போட்டேன். ஒன்றும் பொய் இல்லையே. கஞ்சி போட்ட வேட்டி, தோளில் துண்டு, நெற்றி நிறையத் திருநீறு என்று வந்து முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அண்டாவில் பொங்கல் கொதித்து இறங்கியது. அகப்பையை நான் எடுத்தேன். பெயர் வைக்காத வெள்ளம் ஒன்று நிற்கும்போது இந்த வெள்ளத்துக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று ஜெயராணி அக்கா ஆரம்பித்தாள், பொம்பளைகள் எல்லோரும் 'வினோதினிக்குத்தான்' என்றார்கள், இத்தனை பேர் சொல்வார்கள் என்று நானே நினைக்கவில்லை. மொட்டை மாடியில் என்னோடு கிடந்தவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். 'பழசையெல்லாம் என்னாத்துக்குக் கெளர்றீங்க' என்றார் பெரியப்பா.

பெயருக்குரியவள் ஊரில் இல்லையென்றால் அவள் வீட்டு ஆண்களில் மூத்தவர் இலை பிடித்து, மூன்று முறை பெயரைச் சொல்லி வாங்க வேண்டும், இது உனக்கும் தெரியும். நம் வீட்டில் மூத்தவர் யார்? உன் அப்பா எழுந்து 'நான் வாங்கிக்கிறேன்' என்று அண்ணனைக் காப்பாற்றப் பார்த்தார், நான் அகப்பையோடு ஒரு பார்வை பார்த்தேன், உட்கார்ந்துவிட்டார். அத்தனை போனும் பெரியப்பாவைப் பார்த்து நீண்டிருந்தன. எழுந்து வந்தார். வாழையெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டதால் பூவரச இலைதான், அது எவ்வளவு மெல்லிசு என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இலையை அவர் உள்ளங்கையில் வைத்து, அண்டாவின் அடியிலிருந்து ஆவி பறக்க அகப்பை நிறைய அள்ளி வைத்தேன். சூடு தாங்காவிட்டாலும் கீழே வைக்க முடியாது, மூன்று முறை சொல்லாமல் இலை மண்ணில் படக் கூடாது. 'அந்த வெள்ளம் வினோதினி வெள்ளம்' என்று முணுமுணுத்தார். 'சத்தமா மாமா, ஆத்துக்கு அந்தாண்ட கேக்கணும்' என்றேன். இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது முறை கை சூட்டில் கத்தியேவிட்டார். உன் பெயரைக் கெடுத்த வாய் உன் பெயரைக் கத்திச் சொன்னது வினோ. நான் முழுக்கக் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், ஊருக்கு முன்னால் ஒரு பெரிய மனிதரை இப்படிச் செய்துவிட்டோமே என்று ஒரு சொட்டு வருத்தம்கூட வரவில்லை, வருமா என்று இரண்டு நாள் காத்திருந்தும் பார்த்தேன்.

மறுநாள் கையில் மஞ்சள் பற்றோடு வீட்டுக்கு வந்தார். 'பொண்ணுக்கு ஒரு ஃபோன் போட்டுக் குடு கலைமணி, பேசிடுறேன்' என்றார். நம்பர் தர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். நீ மன்னிப்பதானால் அது உன் இஷ்டம், உன் மனசு பெரிசு, நானே பெற்றதுதான். ஆனால் அதில் என்னைச் சேர்க்காதே, நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. போர்டு மட்டும் இன்னும் படித்துறையில் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள், வேண்டாம், இருக்கட்டும், வருகிறவர்கள் படித்துவிட்டு என்னிடம் வரட்டும் என்றேன். ஞாயிறுதோறும் இப்போது யாராவது வருகிறார்கள்.

ரத்தம் குறைவு என்றாயே, பேரீச்சம்பழம் வாங்கிச் சாப்பிடு. நைட் டூட்டி முடிந்து ஈரத்தலையோடு தூங்காதே. மாரியம்மன் உனக்கு நீண்ட ஆயுளையும், எதற்கும் குனியாத முதுகையும் கொடுக்கட்டும். தைக்கு டிக்கெட் போட மறக்காதே. போன தடவை வந்தபோது படகில் பின்னால் உட்கார்ந்து, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாய், நான் கரையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இந்தத் தடவை படகின் முன்னால், அணியத்தில் உட்கார்ந்து வா. வினோதினி வெள்ளத்து வினோதினி வருகிறாள் என்று படகுக்காரனே கரைக்குக் குரல் கொடுப்பான்.

உன் வரவைப் பார்த்துக் கரையில் நிற்கப் போகும்,
அம்மா கலைமணி