நம் வீட்டில் மாடிப்படி இல்லை

பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகமா என்று கேட்கப்போவதில்லை. போன வாரம் போனில் நீ போட்ட சத்தத்திலேயே உனக்குத் தொண்டையும் நெஞ்சும் நன்றாக வேலை செய்கின்றன என்று தெரிந்துவிட்டது. மருமகளைக் கேட்டதாகச் சொல். எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஞாபகமும் அப்படியே இருக்கிறது.

போனில் பேசினால், நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்கு சிக்னல் வேண்டாம். அதனால்தான் மூன்றாம் வகுப்போடு நின்றுபோன படிப்பை வைத்துக்கொண்டு நேற்றிலிருந்து உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நானும் நிறையப் பொறுத்தவள்தான்.

நீ சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்கிறேன், சரியா பார். "அடுத்த மாசம் பத்தாம் தேதி நீ கோர்ட் பக்கம் போகக் கூடாது. போனா எனக்கு அம்மாவே இல்லன்னு நெனச்சுக்குவேன்." அதற்கு முன்னால், "அவன் ஏதோ கோவத்துல கைய ஓங்கிட்டான், இதெல்லாம் எந்த வீட்ல இல்ல" என்றும் சொன்னாய். எந்த வீட்டில் இருந்தது, எந்த வீட்டில் இல்லை என்று நீயா எனக்குச் சொல்வது? இரு, அதற்கும் வருகிறேன்.

முதலில் உன் மகன் செய்தது. உன்னிடம் யார் யாரோ என்னென்னவோ சொல்லியிருப்பார்கள். பார்த்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்கவில்லை. தன் தங்கை வீட்டுக்கு ஒரு நாள் போய்வருகிறேன் என்று அவன் பெண்டாட்டி கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்தக் கைமேல் கதவை அடித்துச் சாத்தினான். ஒரு தடவை என்றால் காற்று என்று சொல்லிவிடலாம். திறந்து, மறுபடியும் சாத்தினான். நான் கத்தினேன். "நீ உள்ள போ பாட்டி" என்றான். வெளியே தூறல் போடுகிறது, உள்ளே போ என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். உன் பேத்தி மேசைக்கு அடியில் இருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை அழக்கூட இல்லை.

வண்டி பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் நான். டாக்டர் அவளுக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஊரையே கட்டிப் போட்டுவிட்டீர்கள். உன் தங்கச்சி அந்த ஆஸ்பத்திரி ஆபீசில்தானே இருக்கிறாள்? இறங்கி வந்து, குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சீட்டில் எழுதவைத்தாள். சின்னவன் குழந்தையின் டீச்சருக்குப் போன் செய்து, அம்மாவும் பிள்ளையும் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிறார்கள், ஒரு வாரம் வர மாட்டார்கள் என்றான். நீ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, உன்னோடு படித்த இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாய். அவனை எனக்குத் தெரியாதா? நம் வீட்டில் வந்து வந்து தின்றுவிட்டு, ஒரு நாளாவது தன் தட்டைக் கழுவிவைக்காமல் போனவன். புகார் கொடுக்கப் போன எங்களிடம், "மாடிப்படில விழுந்ததுக்கெல்லாம் கேஸ் போட முடியுமா பாட்டி? வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றான். அப்போது எனக்கிருந்த ஆத்திரத்தில், அவன் சொன்ன மாடிப்படி என் காதில் ஏறவே இல்லை.

பிறந்தநாள் கேக்கை எந்தக் கடையில் வாங்குவது என்று ஒரு வாரம் சண்டை போடுகிற குடும்பம் இது. அடித்தவனைக் காப்பாற்ற மட்டும் எவ்வளவு வேகம், என்ன ஒற்றுமை! அன்று அவளும் நானும் அதே வீட்டுக்குத்தான் திரும்பினோம். அதே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனோம். அவள் மற்றக் கையால் திறந்தாள்.

உங்கள் கெட்ட காலம், ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தாள். பத்து நாள் கழித்துக் கட்டுப் பார்க்க மறுபடி போனபோது உன் மகன் நிழல்போலக் கூடவே வந்தான். அந்த நர்ஸ், "எக்ஸ்ரே ரூமுக்குள்ள ஆம்பளைங்க வரக் கூடாது சார்" என்று அவனை வெளியே நிறுத்தினாள். அப்படி ஒரு சட்டமே கிடையாதாம். பிறகு சொல்லிச் சிரித்தாள். உள்ளே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அடிபடுகிற பெண்களுக்காக நகரசபை புதிதாக ஓர் அலுவலகம் திறந்திருக்கிறது. போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட், பள்ளிக்கூடம், பெண்களைத் தங்கவைக்கிற இல்லம், எல்லாரையும் வாரத்தில் ஒரு நாள் ஒரே மேசையில் உட்காரவைத்து வேலை வாங்குவது இந்த அம்மா. நான் அவளுக்குக் கன்டக்டரம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். யாரையும் நடுவழியில் இறங்க விடமாட்டாள்.

அவள் நம் வீட்டுப் பெண்ணிடம், "ஒரே ஒரு தடவ என்கிட்ட சொல்லுங்க போதும். மத்த எல்லார்கிட்டயும் சொல்றது என் வேலை" என்றாள். அதைக் கேட்டதும்தான் அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்தது. கை ஒடிந்தபோது வராத அழுகை. அங்கிருந்தே பின்வாசல் வழியாக அவளையும், பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தையையும் அழைத்துப் போய்விட்டார்கள். எங்கே என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. நீ என்னிடம் நைச்சியமாகக் கேட்டாய் பார், "சும்மா தெரிஞ்சுக்கத்தாம்மா" என்று? தெரிந்திருந்தாலும் என் வாயிலிருந்து வராது.

அந்த மேசைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். தண்ணீர் வரி கட்டுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு அறை. ஒவ்வொரு ரூமிலிருந்தும் இழுத்து வந்த நாற்காலிகள், ஒன்றுக்கொன்று உயரம் சேராது. எனக்குக் கிடைத்தது ஆட்டம் போடுகிற நாற்காலி. உன் சிநேகிதன் என்னைப் பார்த்ததும் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

கன்டக்டரம்மா ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் குளியலறை என்றார். உன் சிநேகிதன் மாடிப்படி என்றான். டீச்சர், கல்யாணத்துக்குப் போயிருப்பதாகத் தனக்குச் சொன்னார்கள் என்றாள். இல்லத்திலிருந்து வந்தவள், "கைய ஒடிச்சிக்கிட்டா கல்யாணத்துக்குக் கெளம்புனாங்க?" என்று கேட்டாள். தனித்தனி ரூமில் இருந்தவரைக்கும் மூன்று பொய்யும் நன்றாகத்தான் இருந்தன. ஒரே மேசைக்கு வந்ததும் ஒன்றையொன்று பார்த்து முழித்தன. இவ்வளவு போன் போட்டீர்களே, என்ன பொய் சொல்வது என்று உங்களுக்குள் ஒரு போன் போட்டுப் பேசிக்கொள்ளத் தோன்றவில்லையா?

கன்டக்டரம்மா என் பக்கம் திரும்பி, "பாட்டி, உங்க வீடு எத்தனாவது மாடி?" என்று கேட்டாள். தரைத்தளம், என் முழங்காலுக்காகவே பார்த்து வாங்கியது, வாசலில்கூட ஒரு படி கிடையாது என்றேன். அவள் மேசையைத் தட்டி, "இதுக்குப் பேர் வேலையா? ஆளுக்கொரு கதைய நம்பி ஆளுக்கொரு டீயக் குடிச்சிட்டு, அந்தப் பொண்ண அதே வீட்டுக்கு அனுப்பியிருக்கோம்" என்று எல்லாரையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். டீச்சர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னாள். வகுப்பில் யாராவது கதவைச் சாத்தினால் குழந்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாளாம்.

உன் சிநேகிதனை இந்தக் கேஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதிதாக வந்த அதிகாரி உன் மகனை வீட்டைவிட்டு வெளியே அனுப்பினார். இப்போது சின்னவன் வீட்டில் இருக்கிறான். அடிக்கிற ஆண்களுக்கு வாரம் ஒரு வகுப்பாம், அதற்கும் போகச் சொல்லியிருக்கிறார்கள். "நான் என்ன பைத்தியமா?" என்று என்னிடம் கேட்டான். பைத்தியமாக இருந்தால் மருந்து இருக்கிறது என்றேன். அவன் பெட்டியை நான்தான் அடுக்கினேன். சின்ன வயதிலிருந்து போர்த்திக்கொள்கிற போர்வையையும் வைத்தேன். என் பேரன்தானே. இந்த மடியில் வளர்ந்தவன்தானே. அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது.

பத்தாம் தேதி, அந்த வீட்டில் யார் இருப்பது என்று கோர்ட் முடிவு செய்யும். வீடு என் பெயரில் இருக்கிறது. பார்த்தவளும் நான். அவளும் குழந்தையும் இருக்கட்டும், அவன் வெளியே இருக்கட்டும் என்று சொல்லத்தான் போகிறேன். இதைத் தடுக்கத்தான் நீ அம்மா இல்லை என்கிறாய்.

இப்போது உன் விஷயம். அந்த மேசையிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. இன்ஸ்பெக்டருக்கு மாடிப்படி என்று சொன்னவன் நீ. இந்த வீட்டை நீ பார்த்ததே இல்லை. நீ போனபிறகு வாங்கியது. பிறகு எந்த மாடிப்படி உன் வாயில் வந்தது?

எனக்குத் தெரியும். பழைய வீட்டு மாடிப்படி. உன் அப்பா என்னைத் தள்ளியபோது நீ மேல்படியில் நின்றாய். நான் கீழே கிடந்தேன். நீ என்னைத் தாண்டி ஓடி ஒவ்வொரு கதவாகத் தட்டினாய். தையல்காரர் திறக்கவில்லை. வாத்தியார் வீட்டில் விளக்கை அணைத்தார்கள். ரேடியோக்காரர் வீட்டில் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்கள். அந்த வாத்தியார் செத்தபோதுகூட நான் போகவில்லை. ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று உன்னைக் கேட்டார்கள். நீ அப்பா முகத்தைப் பார்த்தாய். "மாடிப்படில வழுக்கி விழுந்துட்டாங்க" என்றாய். என் முழங்கால் வயதாகிக் கெட்டுப்போனது இல்லை, பெரியவனே.

ஊரில் எத்தனையோ பேர் மேல் கோபத்தை வைத்திருக்கிறேன். அந்த ஒன்பது வயதுப் பிள்ளை மேல் ஒரு நாளும் வைத்ததில்லை. ஆனால் உனக்கு இப்போது ஐம்பத்தெட்டு. பார்த்துப் பயப்பட அப்பாவும் இல்லை. இன்னும் அதே மாடிப்படியைத்தான் சொல்கிறாய்.

அங்கிருந்தபடியே கோர்ட்டில் திரையில் வந்து பேசலாம் என்று கன்டக்டரம்மா சொன்னாள். அவளுடைய நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவளைக் கூப்பிடு. "நான் சொன்னது பொய், அந்த வீட்டில் மாடிப்படி இல்லை" என்று சொல். அதைச் சொல்லிவிட்டு, முடிந்தால் எனக்கு ஒரு போன் போடு. பழைய வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல். அதை வேறு யாரும் கேட்க வேண்டாம், நான் கேட்டால் போதும்.

நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் பத்தாம் தேதி காலையில் நான் கிளம்பிவிடுவேன். கோர்ட் மூன்றாவது மாடியாம். லிப்ட் பாதி நாள் ஓடாது என்கிறார்கள். ஓடாவிட்டால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, இந்தக் காலோடு ஏறிப் போவேன்.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

நீ இல்லை என்று நினைத்தாலும்,
உன் அம்மா