காலைத் தூக்கி நிற்பவன்

அன்புள்ள என்று தொடங்க மனம் வராத மச்சானுக்கு,

நேற்று உங்கள் ஷோரூமில் என் மானம் கப்பலேறியது. நீ வடிவமைத்த புது பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்று, குனிந்துகூடப் பார்க்காமல் வலது காலை ஓங்கி உதைத்தேன். அங்கே கிக்கரே இல்லை. செருப்பு கழன்று பறந்துபோய், சுவரிலிருந்த உங்கள் கம்பெனிச் சின்னத்தில் பட்டு விழுந்தது.

விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கிக்கரை எடுத்துட்டாங்க சார். பட்டனை அமுக்குனா போதும்" என்றாள்.

"அப்போ உங்க சின்னத்துல ஒருத்தன் காலைத் தூக்கிட்டு நிக்கிறானே, அவன் யாரை உதைக்கப் போறான்?"

"அதை டிசைனர் சார்கிட்டதான் கேக்கணும்."

கேட்கிறேன், சொல்லடா. உதைத்தால்தான் அது பைக், பட்டனை அமுக்கினால் மிக்சி. கிக்கரைப் பிடுங்கிவிட்டு டேங்கில் என் பழைய பைக்கின் பெயரை மட்டும் ஒட்டியிருக்கிறாய். என் வழுக்கையில் சீப்பைச் செருகியதுபோல இருக்கிறது.

கிக்கரைத் திரும்ப வைக்கும்வரை என் வீட்டு வாசலை மிதிக்காதே. உன் அக்கா எவ்வளவு கெஞ்சினாலும் உனக்கு இங்கே சோறு கிடையாது. என் உடம்பில் உயிர் இருக்கும்வரை எனக்கு அந்தப் பழைய பைக்தான்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு உனக்கு அத்தானானவன்

பி.கு.: உன் அக்கா இன்று காலை போய் அந்தப் புது பைக்கையே முன்பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறாள். என் முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதிலிருந்து, பழைய பைக்கைத் தினமும் உதைத்துக் கிளப்பித் தருவது அவள்தான்.