கப்பல் கடிதமும் லவால் தம்பியும்

இஞ்சருங்கோ,

நான் வேலைக்குப் போறன். நாலு மணிக்கு உங்கட தம்பி றூபன் ஆத்துக்கு அங்கால லவாலில இருந்து வாறார், தன்ர மகளின்ர கலியாண அழைப்பிதழோட. "வட்ஸ்அப்பில கலியாணம் சொல்லுறவன்ர வீட்டுக்கு நான் போகமாட்டன், நேரில வந்து சொல்லட்டும்" என்று முழங்கினீங்களெல்லே. நேரில வாறார். கதவைத் திறவுங்கோ.

பத்தொன்பதாம் நூற்றாண்டில கடல் கடந்த சொந்தங்கள் எப்படித் தொடர்பு வைச்சிருந்தவை என்று நாளைக்குக் கோயில் பங்கு மண்டபத்தில பேசப்போறீங்கள். ஆறு மாதம் கழிச்சுக் கப்பலில வந்த கடிதத்தைச் சொல்லேக்க உங்கட குரல் தழுதழுக்குது. நீங்கள் குளியலறையில பேசிப் பழகேக்க கதவுக்கு வெளியில நின்று கேட்டனான். மெற்றோவில வந்து இறங்கக்கூடிய தம்பிக்கு ஒரு 'ஓம், வாறன்' அனுப்ப மட்டும் மனம் வரேல்லை!

றோல்ஸ் பிரிஜ்ஜில இருக்கு, சூடாக்கிக் குடுங்கோ. வாசல் மணி பழுது, தட்டுவார். அந்த நேரம் பேசிப் பழகாதேங்கோ, தட்டுறது கேக்காது.

அக்னெஸ்

பி.கு.: பேச்சில நீங்கள் அழுகிற பக்கத்தை வீடெல்லாம் தேடாதேங்கோ. நேற்று டவுன்டவுனில றூபனைக் கண்டு குடுத்திட்டன். அந்தக் காலத்து வழக்கப்படி ஆள் கையில வருகுது.