மடித்து வெட்டாத சட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே ஆளுக்கொரு சின்ன வலியைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பிக்கொள்கிறேன். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்க்கா, நல்லா இருக்கேன்க்கா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். இரண்டு தடவை சொன்னால் நம்பிவிடுவேன் என்று நினைப்பு. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைக்க முடியாது பார்.

உன் அத்தான் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, வேலை அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. நான் கையில் குழம்புச் சட்டியோடு திரும்பினால் பின்னாலிருந்து "ரைட், ரைட்" என்கிறார். அம்மாவின் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டாயிற்று. மாடி அறையைத் துடைத்து வைத்திருக்கிறோம். ஏன் என்று கேட்காதே, சும்மாதான்.

என் வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பில் மற்றப் பிரிவுகள் கழித்துவிட்ட பிள்ளைகள்தான் எனக்கு. "கணக்கு வரலையா, தையலுக்குப் போ" என்று அனுப்பிவிடுகிறார்கள். தோள் அளவிலிருந்து கைக்குழியின் வளைவு வரைக்கும் ஆடை வடிவமைப்பு முழுக்கக் கணக்குதானே என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். சிரித்தார். மிஷின்களில் பாதி ஓடுவதில்லை. ஓடுகிறவற்றில் ஒன்று, காலால் ஓர் உதை விட்டால்தான் ஓடும். கூரை ஒழுகுகிற இடமும் துணி வெட்டும் மேசையும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் மழை நாளில் தியரி மட்டும்தான்.

இருந்தாலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இறுதித் தேர்வுக்கு ஒவ்வொருவரும் ஓர் ஆடையை வரைந்து, வெட்டி, தைத்து வைக்க வேண்டும். கடையில் தனக்குப் பொருந்துகிற துணி கிடைக்காத யாராவது ஒருவருக்குத் தையுங்கள் என்று சொன்னேன். ஒருத்தி குண்டான சித்திக்குப் பாவாடை என்றாள். ஒருவன் ஆறரை அடி மாமாவுக்குக் கால்சட்டை என்றான். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி, வாயைத் திறந்தால் காசு கொடுக்க வேண்டுமோ என்பதுபோல் இருப்பவள், "எங்கப்பாவுக்குச் சட்டை டீச்சர். அவருக்கு வலது கை இல்ல" என்றாள்.

தகர ஆலையில் தகடு அழுத்துகிற இயந்திரம் வாங்கிக்கொண்ட கை அது. முழங்கைக்கு மேலேயே போய்விட்டது. இப்போது பஸ் பணிமனை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். சட்டை என்றதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு வேடிக்கை காட்டப் போறியா?" என்று மகளிடம் கத்தியிருக்கிறார். நான் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். என் முகத்தையே பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து நின்று, "அளவு எடுத்துக்க" என்று மகளிடம் சொன்னார்.

நாமெல்லாம் துணியை மடித்து ஒரு பாதியை வெட்டினால் மறுபாதி தானே வந்துவிடும். இவள் மடிக்கவில்லை. கை போன பக்கத்துத் தோள் ஏறிப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வரைந்தாள். "ரெண்டு பக்கமும் ரெண்டு ஆளு மாதிரி இருக்காரு டீச்சர்" என்றாள். வலது கைக்குழி ஆழம் குறைவு. அந்தக் குட்டைக் கையின் தையல் விளிம்புகள் தழும்பில் உரசாமல் இருக்க எல்லாவற்றையும் வெளிப்பக்கம் திருப்பி, மேலே ஒரு பட்டி வைத்து மறைத்தாள். முன்பக்கம் பட்டன் நுழைகிற காஜாவே கிடையாது. பட்டன்கள் பார்வைக்கு மட்டும். அவற்றின் அடியில் பழைய கைப்பைகளிலிருந்து கழற்றிய காந்தங்கள்.

அத்தோடு விடவில்லை. இருக்கிற கையின் மணிக்கட்டுப் பட்டனை எந்தக் கையால் போடுவது? இத்தனை வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. அவள் மணிக்கட்டுப் பட்டிக்குள் எலாஸ்டிக்கை ஒளித்து வைத்திருந்தாள்.

முதல் தடவை அவர் வகுப்புக்கு வந்து போட்டுப் பார்த்தபோது காந்தம் போதவில்லை. அவர் இருமினார், சட்டை திறந்துகொண்டது. வகுப்பே சிரிக்க, முதலில் சிரித்தது அவர்தான். அடுத்த வாரம் பெரிய காந்தங்களோடு மறுபடி. அலமாரிக்குப் பின்னால் போனவர் வெகுநேரம் வரவில்லை. உள்ளேயிருந்து டக் டக்கென்று சத்தம் மட்டும். வெளியே வந்து நின்றார். பிறகு எங்கள் எதிரிலேயே அதைக் கழற்றினார். மறுபடி போட்டார். மறுபடியும் கழற்றினார். "இத்தனை நாளா என் பொண்டாட்டிதான் எனக்குச் சட்டை போட்டு விடுவா டீச்சர். இனிமே அவகிட்ட சண்டை போட்டுட்டும் வேலைக்குக் கிளம்பலாம்" என்றார்.

தம்பி, இவளை நான் உங்கள் ஆடை ஆலையில் ஆளுக்கொரு தையல் மட்டும் போடுகிற வரிசையில் உட்கார வைக்க விரும்பவில்லை. நீ சாம்பிள் ரூமில் கட்டிங் மாஸ்டர். ஒரு புது உடுப்பை முதன்முதலில் முழுதாகத் தைத்துப் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே இவளுக்கு ஒரு மூலை கிடைக்குமா? முன்பு நான் அனுப்பிய பிள்ளைகளெல்லாம் வரிசைக்கே போனார்கள் என்பது எனக்குத் தெரியும். உன்னைக் குறை சொல்லவில்லை. இந்த ஒருத்திக்காக மட்டும் கேட்டுப் பார்.

வேளைக்குச் சாப்பிடு. உனக்கு எல்லாம் நன்றாக அமைய வேண்டும்.

அன்புடன்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. "பார்க்கிறேன் அக்கா" என்று எழுதியிருந்தாய். பார்க்கிறேன் என்று எழுதுகிறவனுக்குப் பார்க்க எவ்வளவு சங்கடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவசரப்படுத்தவில்லை.

செய்முறைத் தேர்வு முடிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவள் சட்டையைப் பற்றி முன்கூட்டியே மேலிடத்துக்கு எழுதி அனுமதி கேட்டிருந்தேன். பதிலே வரவில்லை. தலைமையாசிரியர், "வர்றவங்க மனுஷங்கதானே, சொன்னா புரிஞ்சுக்குவாங்க" என்றார். தேர்வு நடத்த வந்தவரும் மனுஷிதான். என் வயதுதான் இருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கெட்டவர் இல்லை. அப்படி இருந்திருந்தால் திட்டிவிட்டாவது ஆறியிருப்பேன்.

தேர்வாளர் சட்டையை நடுவில் மடித்தார். இரண்டு பாதியும் பொருந்தவில்லை. காஜாவைத் தேடினார், இல்லை. தேர்வு தொடங்குமுன்பே ஒரு நிமிஷம் கேட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவரும் பொறுமையாகக் கேட்டிருந்தார். உள்ளே திருப்பி, வெளியே திருப்பி, காந்தத்தை நாலைந்து தடவை ஒட்டி எடுத்துப் பார்த்தார். "அருமையாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இதுக்கு நான் எங்க மார்க் போடுறது? இந்தத் தாள்ல இதுக்கு இடமே இல்லையே" என்றார். நடுவில் மடித்தால் பொருந்த வேண்டும், அதற்கு மதிப்பெண். காஜா ஒரே நேராக இருக்க வேண்டும், அதற்கு மதிப்பெண். அவ்வளவுதான்.

பிறகு அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "இன்னும் நேரம் இருக்கு. அந்தக் காந்தத்தை எடுத்துட்டுக் காஜா போட்டுடும்மா. பாஸ் மார்க்காவது வரும். இல்லன்னா ஒரு வருஷம் போயிடும்" என்று அவளிடம் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். தேர்வு தொடங்கிவிட்டால் நான் அறையில் நிற்கலாம், வாய் திறக்கக்கூடாது. தலையையாவது அசைத்திருக்கலாம். எந்தப் பக்கம் அசைத்தாலும் அப்படியே செய்துவிடுவாள் என்ற பயத்தில் மரம் மாதிரி நின்றேன்.

அவள் உட்கார்ந்தாள். தையலைப் பிரித்துக் காந்தங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சாக்பீஸால் குறித்து, துணியைக் கீறி, கையாலேயே காஜா போட்டாள். தம்பி, நான் பார்த்ததிலேயே சுத்தமான காஜாக்கள் அவை. மணிக்கட்டுப் பட்டியையும் பிரித்து எலாஸ்டிக்கை உருவிவிட்டு, அதிலும் ஒன்று போட்டாள். தேர்வாளர் அதைக் கேட்கவே இல்லை. தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாஸ் மார்க் போட்டார்.

வெளியே வாசலில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். "பாஸ்ப்பா" என்றாள். சட்டை எங்கே என்று கேட்டார். "ஆபீஸ்ல வச்சுக்கிட்டாங்கப்பா" என்றாள். அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் எப்படி எழுதுவது? "அப்ப ரொம்பப் புடிச்சுப் போயிருக்கு. அதான் வச்சுக்கிட்டாங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் ஆமாம் என்றேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. அடுத்த வருஷத்திலிருந்து தையல் பிரிவு கிடையாது. அந்த அறை கணினிக்கு. "உங்களுக்கு வேற வேலை இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார் தலைமையாசிரியர். நூலகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எங்கள் பள்ளி நூலகம் இரண்டு அலமாரி. ஒன்றின் சாவி தொலைந்துபோய்விட்டது. அத்தான், "அப்ப பாதி வேலைதான்" என்றார். நானும் சிரித்தேன்.

சாம்பிள் ரூம் விஷயம் என்ன ஆயிற்று என்று மட்டும் எழுது. இல்லை என்றாலும் இல்லை என்றே எழுது.

அன்புடன்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதம் பழைய முகவரிக்குத்தான் போகிறது. நீ வேறு இடத்துக்கு மாறிவிட்டதாக எழுதினாயே தவிர, எங்கே என்று எழுதவில்லை. அங்கே கேட்டு வாங்கிக்கொள்வாய் என்ற நம்பிக்கையில் அனுப்புகிறேன்.

அந்தப் பெண் வேலைக்குப் போய்விட்டாள். ஊருக்கு வெளியே இருக்கிற ஆடை ஆலையில், வரிசையில்தான். கழுத்துக்கு உள்ளே லேபிள் வைத்துத் தைக்கிற வேலை. நாள் முழுக்க அது ஒன்றுதான். பாஸ் சான்றிதழைக் காட்டியதும் சேர்த்துக்கொண்டார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கு மறுபடி அதே சட்டையைத் தைத்துவிடலாம், என் மிஷினை எடுத்துக்கொள் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். துணியை விரித்து, சாக்பீஸைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எங்க ஆரம்பிக்கிறதுன்னு வரமாட்டேங்குது டீச்சர்" என்றாள். டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் துணிமேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை. அதற்கப்புறம் அவள் வரவில்லை.

சரி, நானே தைத்தேன். அவள் வரைந்த அளவுகள் என்னிடம் இருந்தன. பணிமனை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று வாங்கினார், தடவிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்கு எதுக்கு டீச்சர் சிரமம். அவ தச்சதுதான் ஆபீஸ்ல இருக்கே. ஒருநாள் குடுப்பாங்கல்ல, அதைப் போட்டுக்கறேன்" என்றார். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையின் வலது கையை மனைவி மடித்து ஊக்கு குத்தி விட்டிருந்தார்.

தேர்வு ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். ரிசல்ட் வந்த பிறகு எல்லாத் துணியையும் மூட்டை கட்டிக் கழிவுக்குப் போட்டுவிட்டார்களாம். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த வாசல் வழியாகப் போவதை விட்டுவிட்டேன். இப்போது சுற்றித்தான் போகிறேன்.

மிஷின்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். உதைத்தால் ஓடுமே, அதை ஏற்றும்போது ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது.

உன் கடிதத்துக்கு வருகிறேன். சாம்பிள் ரூமைப் போன மழைக்காலத்திலேயே மூடிவிட்டார்கள், இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து வெளியிலிருந்தே வருகிறது என்று எழுதியிருந்தாய். நாலைந்து வரி தள்ளி, உன் வேலை வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இரண்டையும் நான் படித்தேன். அத்தானுக்கு இரண்டாவதை மட்டும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, துடைத்து வைத்திருக்கிற அந்த மாடி அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கட்டிலை நகர்த்துகிற சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கமாகப் போட்டிருக்கிறார். அங்கேதான் காற்று வருமாம்.

தம்பி, நீ எங்கே இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும் உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது. லீவு கிடைத்தால் வருகிறேன் என்று எழுதாதே. கையில் ஏதாவது சேர்ந்ததும் வருகிறேன் என்றும் எழுதாதே. யாருக்கும் எதுவும் வாங்கி வர வேண்டாம். வாசலில் நின்று காரணம் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம். சும்மா வா.

உன் அக்கா