பன்னிரண்டாம் தேதிக் கையெழுத்து

மார்ச் 10
மூன்றாவது நாளாகச் சிறை அறைக்குள்ளேயே அடைப்பு. எவனோ இருவர் அடித்துக்கொண்டதற்கு எல்லோருக்கும் தண்டனை. சோறும் சிவப்பு பீன்ஸும் கதவுத் துளை வழியாக வருகின்றன. சட்ட நூலகமும் மூடல். பேட்டன் ரூஜ் மத்திய நீதிமன்றத்தில் தண்டனையை எதிர்க்கும் என் ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் பதினான்கு. வக்கீல் இல்லை, நானேதான். முப்பத்தைந்து வருஷத் தண்டனையில் பதினொன்று போயிற்று. கடையைக் கொள்ளையடித்தவன் என்று கடைக்காரப் பெண் போலீஸிடம் முதலில் காட்டியது வேறொருவன் படத்தை. அதைக் குறித்துவைத்த போலீஸ் தாளை விசாரணையில் ஏன் மறைத்தார்கள்?

மார்ச் 11
இருபத்திரண்டு பக்கம் முடிந்தது. இங்கே கொடுக்கிற பேனா ரப்பர் மாதிரி வளைகிறது. விரல் வீங்கிவிட்டது. வீங்கட்டும்.

மார்ச் 12
துளை வழியே காவலர் ஹேட்சரிடம் உறையை நீட்டினேன்.
"இப்ப தபாலே போகல ப்ரூயிட். தொறந்தப்புறம் குடு."
"எப்ப வேணா போகட்டும் ஆபீசர். இன்னிக்கு வாங்குனேன்னு தபால் நோட்டுல கையெழுத்து போடுங்க."
"பெரிய வக்கீலு!"
"ஆமா. எனக்கு நாந்தான் வக்கீலு."
சிரித்துக்கொண்டே கிறுக்கினார்.

மே 6
அரசு வக்கீலின் பதில். நீதிமன்ற முத்திரை மார்ச் 19, ஐந்து நாள் தாமதம், தள்ளுபடி செய்க. படத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நானா தாமதம்? பூட்டுனது யாரு? சாவி யாரு கையில இருந்துச்சு?
மேல் படுக்கை டெல்மாஸ், "விடுப்பா, அவனுங்க கோர்ட்டு" என்றான். விடுறதா? நானா?

மே 7
கைதி உறையைக் காவலர் கையில் கொடுத்த நாள்தான் தாக்கல் நாள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தில் 'சிறைத் தபாலில் சேர்த்த தேதி' என்ற கோடு காலியாக இருக்கிறது. கொடுக்கும்போது நிரப்பலாம் என்று விட்டேன்; கையெழுத்துக்கு மல்லுக்கட்டியதில் மறந்தே போனேன். இருபத்திரண்டு பக்கம் எழுதின மடையனுக்கு ஒரு தேதி எழுத வரல!

மே 8
தபால் நோட்டின் நகல் கேட்டேன். இல்லையாம்.

மே 15
இல்லையாம்.

மே 22
மூன்றாவது முறை. "இந்தா, தொல!" என்று தபால் அறைக்காரர் எறிந்தார். மார்ச் 12, என் பெயர், ஹேட்சரின் கிறுக்கல். தாளுக்கு முத்தம் கொடுத்தேன். டெல்மாஸ் பார்த்துவிட்டான். பார்க்கட்டும். பிரமாணப் பத்திரத்தோடு இன்றே நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். இந்த முறை பெயருக்கு முன்பே தேதியை எழுதினேன்.

ஜூலை 18
ஹேட்சர் நீதிமன்ற உறையோடு வந்தார். நின்றபடியே படித்தேன். நீதிபதியின் உத்தரவு: மனு மார்ச் 12 அன்றே தாக்கலானது. மறைத்த தாளைப் பற்றி அரசு அறுபது நாளில் பதில் சொல்ல வேண்டும்.
"வாங்குனதுக்குக் கையெழுத்து போடு ப்ரூயிட்."
போட்டேன். பேனாவை அவரிடமே நீட்டினேன்.
"நீங்களும் போடுங்க ஆபீசர். தேதியோட."
இம்முறை அவர் சிரிக்கவில்லை. போட்டார்.