சீட்டில் பொய் எழுதாதவன்

ஜூன் 11, புதன்

மழை. வெறும் மழை. போன வருடம் இதே மழைக்கு, படகுத்துறையில் ஒரு திமிங்கிலம் குடை கேட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்ததாக எழுதியிருக்கிறேன். இன்று ‘மழை’ என்று எழுதிவிட்டுப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் தரம் பார்க்கும் கிடங்கில் மிளகு சாம்பிள் எட்டு. கடித்துப் பார்த்தேன். காரம் இருந்தது, யாருக்கோ.

வாங்க: சோப்பு, தீப்பெட்டி.

ஜூன் 12, வியாழன்

ஹம்சா கடையில் சாயா. “எந்தா அண்ணா, மூணு வாரமா கதையே இல்ல? அரபிக்கடல் வத்திப்போச்சா?” பெஞ்சில் ஐந்து பேரும் என் வாயைப் பார்த்தார்கள். இருபது வருடமாக அந்த பெஞ்சின் சக்கரவர்த்தி நான். ஒன்றும் வரவில்லை.

“தூக்கமில்ல சேட்டா. எதுலயும் மனசு ஒட்டல.”

“எத்தனை வருஷமா தூங்கல? நூறா?”

பெஞ்சே குலுங்கியது. நானும் சிரித்து வைத்தேன். சாயா பாதி மிச்சம்.

ஜூன் 14, சனி

சோப்பு வாங்கவில்லை. குளித்தால்தானே. மத்தி குழம்பு வைத்து, அப்படியே பூனைக்கு.

ஊருக்கு அந்தப் பக்கம், தேவராவிலிருந்து செல்வி போன். அக்கா மகள், மிச்சமிருக்கிற ஒரே சொந்தம்.

“மாமா, நாளைக்கு வரீங்கதானே?”

“இல்லம்மா. சட்டை மாட்டறதே மலையா இருக்கு.”

“எந்த மலை? இமயமலையா, ஆனைமுடியா?”

ஒரே சிரிப்பு. அவள்மேல் தப்பில்லை. அவள் கல்யாணத்தன்று காற்றில் பறக்க இருந்த பந்தலை மீசையில் கட்டி நிறுத்தினேன் என்று சம்பந்தி வீட்டையே நம்பவைத்தவன் நான். இத்தனை காலம் ஊதிப் பெருக்கியவன் உள்ளதைச் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஜூன் 15, ஞா.

பாயில் படுத்தபடி. நாள் முழுக்க. எதிர்வீட்டில் யாரோ, “அந்த மாமன் ஊர்ல இல்லியா?”

ஜூன் 16, திங்கள்

கிடங்கு. ஒவ்வொரு சாம்பிளோடும் சீட்டு ஒன்று கட்டுவேன்: ஈரம், தூசி, உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மணி எவ்வளவு, கையெழுத்து. வாயால் எத்தனை அளந்தாலும் சீட்டில் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து சீட்டுக்கு நூல் கட்டியவள் செல்வி. அவளுக்கு அது தெரியும்.

மதியம் வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்தேன்.

தூக்கம்: 3 மணி நேரம்.
பசி: இல்லை.
சிரிப்பு: பிறருக்காக.
எத்தனை நாள்: 24.
கையெழுத்து.

படமெடுத்து செ.வுக்கு அனுப்பினேன். உடனே போன்.

“மாமா, இது... சீட்டுதானே?”

“ஆமா.”

எந்த மலை என்று கேட்கவில்லை. “அங்கேயே இருங்க. இதோ பஸ் ஏறறேன்.”

ஜூன் 18, புதன்

மனநல டாக்டர். செல்வியைவிடச் சின்னப் பெண். சீட்டை இரண்டு முறை படித்தார்.

“சாகணும்னு தோணுதா சார்?”

“இல்ல. ஆனா காலையில எழுந்திருக்கணும்னும் தோணல.”

சிரிக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார். செ. ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

“மனச்சோர்வோட தொடக்கம். ‘மடி’ இல்ல இது, கேட்டோ. சோம்பேறித்தனம்னு நினைச்சுக்காதீங்க. முன்னாடியே வந்தது நல்லது.”

மாத்திரை ஒன்று. தினமும் நடை. இரண்டு வாரத்தில் திரும்ப. சரியாகச் சில மாதம் ஆகலாமாம். இடையில் மோசமானால் அன்றைக்கே வரச் சொன்னார்.

பஸ்ஸில் செ.: “தினம் ஒரு சீட்டு அனுப்பணும். வாயால சொல்றது வேண்டாம்.”

ஜூன் 21, சனி

மழை. துறை வரை நடந்தேன்.

தூக்கம்: 4. பசி: அரை தோசை. சிரிப்பு: இல்லை. அனுப்பினேன்.

செ. பதில்: “நம்பறேன் மாமா.”

திமிங்கிலம் வரவில்லை. குடையை வாசலில் வைத்திருக்கிறேன்.